கீழ்வீட்டுப் பிள்ளைகளின் கஞ்சி

ஜூன் 4

அன்பு மருமகளுக்கு,

நீ போய்ச் சேந்ததும் போன் பண்ணினே. நிறைய சொன்னே. எனக்குக் கேட்டது 'மாமா', 'தண்ணி', 'ஜாக்கிரதை' மூணு வார்த்தைதான். காலம் பூரா பஸ் இஞ்சின் பக்கத்துல உக்காந்து ஓட்டினவன் காது வேற எப்படி இருக்கும்? அவசரம்னா உன் வீட்டுக்காரன்கிட்ட போன்ல சொல்லு. ஆற அமரச் சொல்றதுன்னா எனக்கு எழுது. ரிட்டயர் ஆனதுலேர்ந்து பென்ஷன் ஆபீஸைத் தவிர எனக்குக் கடிதம் போடற ஆளே இல்ல.

என் பேத்தி பட்டாணி நல்லா இருக்கா. நீ கிளம்பின அன்னிக்குக் கதவையே பாத்துக்கிட்டு இருந்தா, அழுதா, மறைக்க மாட்டேன். இப்பக் கதவைப் பாக்கறதில்ல, என் மூக்குக் கண்ணாடியைத்தான் பாக்கறா. ரெண்டு தடவை வளைச்சுட்டா.

சாப்பாட்டைப் பத்தி நீ கவலையே படாதே. ஸ்பூனை எடுத்து, 'உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க'ன்னு சொன்னாப் போதும், வாயைத் திறந்துடறா. உன் கம்பெனி டப்பாக் கஞ்சின்னா அவளுக்கு உயிர். நான் உருளைக்கிழங்கை மசிச்சுக் குடுத்தா மரியாதையா வாங்கி என் சட்டை மேல திருப்பிக் குடுத்துடறா. டப்பா தீரப் போவுது, அடுத்த தடவை வரும்போது ஆபீஸ்ல குறைச்ச விலைக்குக் குடுக்கறதை இன்னும் கொஞ்சம் வாங்கிட்டு வா.

காலையில கீழ்வீட்டுக் காப்பகத்துக்குத் தூக்கிட்டுப் போறேன். மத்த பிள்ளைங்களைப் பாத்தா இவளுக்குக் குஷி. அங்கயும் அதே கஞ்சிதான். 'எங்க வீட்டுப் பொண்ணு வேலை பாக்கற கம்பெனி, கண்ணை மூடிட்டுக் குடுக்கலாம்'னு காப்பகத்து டீச்சர்கிட்ட நான்தானே சொன்னேன்? அவங்களும் மொத்தமா வாங்கிக் குடுக்கறாங்க. பிள்ளைங்க கிண்ணத்தை நக்குதுங்க.

மாடி வீட்டம்மா கேட்டாங்க, 'பத்து மாசக் குழந்தையை விட்டுட்டுப் போக உங்க மருமகளுக்கு எப்படி மனசு வந்துச்சு?'ன்னு. 'என் பையன் லிஃப்ட் மாட்டற வேலையா மாசக்கணக்குல வெளியூர் போனப்ப இந்தக் கேள்வியை நீங்க கேக்கலியே'ன்னேன். விருட்டுனு படியேறிப் போயிட்டாங்க. லிஃப்ட் நல்லா ஓடிட்டு இருக்கறப்பவே.

அன்புடன்,
மாமா


ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். சட்டை விஷயத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரி, 'வீட்டுக்காரர் கடிதமா?' என்று கேட்டாள். 'மாமனார் கடிதம்' என்றேன். அவள் நம்பவில்லை.

இங்கே எனக்குக் கொடுத்திருக்கும் அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் தொழிற்சாலைச் சுவர். நாள் முழுவதும் அரிசி வறுக்கும் வாசனை. தலைமுடியில்கூட அந்த வாசனைதான். படுக்கும்போது பட்டாணி பக்கத்தில் இருப்பது போலவே இருக்கிறது, அவள் வாயிலும் அதே வாசனைதானே வரும்.

புது மெஷின் வந்து சேர்ந்துவிட்டது. நான் இங்கே வந்ததே இதைப் பொருத்தி ஓடவைப்பதற்குத்தான். மண்ணிலும் தண்ணீரிலும் காரீயம் மாதிரியான உலோகங்கள் கொஞ்சம் இருக்கும். அரிசியும் கேரட்டும் அதை உறிஞ்சிக்கொள்ளும். பெரியவர்களுக்கு அது பெரிதில்லை. கைக்குழந்தைகளுக்கு அப்படி இல்லை, அதனால் அவர்கள் சாப்பாட்டில் அனுமதிக்கப்பட்ட அளவு மிகமிகக் குறைவு. அந்தத் துளியைக்கூட இந்த மெஷின் கண்டுபிடித்துவிடும். அரிசி, கேரட் தூள், பால் பவுடர் என்று உள்ளே வரும் ஒவ்வொன்றையும் பார்க்கிறோம். கலந்து டப்பாவில் அடைத்த பிறகு யாரும் பார்ப்பதில்லை. உள்ளே போனதெல்லாம் சரி என்றால் வெளியே வருவதும் சரிதானே என்று ஒரு கணக்கு.

மெஷினைப் பழக்க ஏதாவது ஒரு தயார் மாவு தேவைப்பட்டது. பட்டாணிக்கென்று வாங்கிப் பையில் வைத்திருந்த டப்பாவையே உடைத்துவிட்டேன். நாளைக்கு ஓட்டிப் பார்க்கப் போகிறேன். அவளுக்கு வேறு வாங்கி வருகிறேன், கவலைப்படாதீர்கள்.

மனசு வந்துதான் வந்தேன் மாமா. எனக்கு இந்த வேலை பிடிக்கும். அதை மாடி வீட்டம்மாவிடம் சொல்ல வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஜூன் 16

மருமகளுக்கு,

'அன்பு' எங்கேன்னு தேடாதே. கோபத்துல இருக்கேன், ஆறினதும் சேத்துக்கறேன்.

முந்தாநாள் சாயங்காலம் உன் வீட்டுக்காரன் உன்கிட்ட பேசி முடிச்சு போனை வெச்சான். நேரா சமையலறைக்குப் போனான். டப்பாவை எல்லாம் வாரி ஒரு பையில போட்டு அலமாரி உச்சியில வெச்சுட்டான். நான் கலக்கி ஆற வெச்சிருந்த கிண்ணத்தையும் தொட்டியில கொட்டிட்டான். பட்டாணி வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கா.

'என்னடா பண்றே?'

'குடுக்க வேணாமாம்.'

'யாரு சொன்னா?'

'அவதான்.'

'ஏனாம்?'

'உனக்கு எழுதறாளாம்.'

அவ்வளவுதான் பேச்சு. லிஃப்ட்டோடயே பழகி அவனுக்கு மேல, கீழ, நில்லு, இந்த மூணைத் தவிர வார்த்தையே மறந்து போச்சு.

நான் என்ன தப்பு பண்ணினேன்? தண்ணியைக் கொதிக்க வெச்சேன். ஸ்பூனை வெந்நீர்ல போட்டேன். நீ ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிட்டுப் போன காகிதத்துல இருக்கற மாதிரியே செஞ்சேன். மாடி வீட்டம்மா எதாவது போட்டுக் குடுத்தாங்களா? இல்ல, கிழவன் கையால சாப்பிட்டா குழந்தைக்கு ஆகாதுன்னு யாராவது சொன்னாங்களா?

அங்கயும் அதே கஞ்சிங்கறதால காப்பகத்துக்கும் தூக்கிட்டுப் போகல. அன்னியிலேர்ந்து குழந்தை சாப்பாட்டுக்குப் படுத்தறா. கேரட்டைத் துப்பறா, உருளைக்கிழங்கைத் துப்பறா, வாழைப்பழத்தைத் தலையில தேச்சுக்கறா. இன்னிக்கு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். கடைசியில ரெண்டு பேரும் அழுதோம். நான் சத்தம் போடாம அழுதேன்.

பஸ்ஸுல விசிலடிச்சா நிறுத்திடுவேன், ஏன்னு கேக்க மாட்டேன். ஆனா நிறுத்தினதுக்கப்புறம் கண்டக்டர் முன்னால வந்து காரணத்தை ஒரு வார்த்தை சொல்லுவார். அது மரியாதை.

மாமா


ஜூன் 19

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. முதலில் இதை நம்புங்கள்.

அன்றைக்கு உடைத்தேன் என்று எழுதினேனே, அந்த டப்பா மாவில் காரீயம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவைவிடப் பல மடங்கு. மெஷின் புதுசு, நான்தான் எங்கோ தப்பு செய்திருப்பேன் என்று நினைத்து எல்லாவற்றையும் கழுவி மறுபடி ஓட்டினேன். அதே எண். கடையில் போய் வேறு டப்பா வாங்கி வந்தேன். அதிலும் அதே. வாசலுக்கு ஓடிப் போய் உங்கள் பையனுக்கு போன் செய்தேன். காரணம் சொல்லும் அளவுக்கு நிதானம் இல்லை. 'கொடுக்காதீங்க, மாமாவுக்கு எழுதறேன்' என்று மட்டும்தான் சொல்ல வந்தது. உங்களிடம் அவர் சொன்ன விதம் அப்படி இருந்ததற்கு நான்தான் காரணம், அவரைத் திட்டாதீர்கள்.

விளங்காத விஷயம் ஒன்று. அரிசியில் இல்லை. கேரட்டில் இல்லை. பால் பவுடரில் இல்லை. உள்ளே போகும் எதிலும் இல்லாதது வெளியே வரும் டப்பாவில் எப்படி இருக்கிறது?

மேனேஜரிடம் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை. ரொம்ப நேரம் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'புது மெஷினை நம்பிக் கம்பெனியைக் கவிழ்க்க முடியாதும்மா. வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவோம். பதில் வரும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது' என்றார். பதில் வரச் சில வாரம் ஆகும். நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். நீங்களும் இதை நமக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

காரீயம் உடம்பில் சேர்ந்தால் காய்ச்சல் வராது, வாந்தி வராது. குழந்தை சிரித்துக்கொண்டேதான் இருக்கும். மூளை வளர்ச்சியைத்தான் மெதுவாகத் தொடும், அது பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அதனால் பட்டாணிக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். குழந்தை டாக்டரிடம், காரீயம் பார்க்க வேண்டும் என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள்.

ஒவ்வொரு மாசமும் அந்த டப்பாக்களைப் பெருமையாகத் தூக்கிக்கொண்டு வந்தவள் நான் மாமா.

மருமகள்


ஜூன் 23

அன்பு மருமகளே,

'அன்பு' போட்டாச்சு. ரெண்டா வெச்சுக்கோ.

ரத்தம் எடுத்தாச்சு. உன் வீட்டுக்காரன் லீவு போட்டுட்டு வந்தான். ஊசியைப் பாத்ததும் அவன் முகம் வெளுத்துப் போச்சு, நர்ஸ் அவனை வெளிய உக்காரச் சொல்லிட்டாங்க. நான்தான் மடியில பிடிச்சுக்கிட்டேன். கத்தினா பாரு, எனக்கே தெளிவாக் கேட்டுச்சு. முடிஞ்சதும் நர்ஸோட பேட்ஜைப் பிடுங்கப் பாத்தா. முடிவு வர சில நாள் ஆகுமாம்.

இப்ப ஒண்ணு சொல்லப் போறேன். கோபப்படாதேன்னு சொல்ல மாட்டேன், படு. ஆனா முழுக்கப் படிச்சுட்டுப் படு.

நேத்து காலையில உன் கடிதத்தைச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு, பட்டாணியைத் தூக்கிட்டுக் கீழ போனேன். டீச்சர் பெரிய பாத்திரத்துல கஞ்சி கிண்டிட்டு இருந்தாங்க. பிள்ளைங்க எல்லாம் குட்டி நாற்காலியில வரிசையா, கழுத்துல துணியைக் கட்டிக்கிட்டு, ஸ்பூனால மேசையைத் தட்டிக்கிட்டு. டாக்ஸி ஓட்டற பொண்ணோட பையன் இருக்கானே, எதைப் பாத்தாலும் கடிக்கறவன், அவன் என்னைப் பாத்துக் கையைத் தூக்கினான். அவங்கம்மா விடிஞ்சதும் விட்டுட்டுப் போனா இருட்டினப்புறம்தான் வருவா. மூணு வேளையும் அவனுக்கு அந்தக் கஞ்சிதான்.

டீச்சர் கரண்டியில எடுத்து முதல் கிண்ணத்துல ஊத்தினாங்க. நானும் பேசாமத்தான் நின்னேன். நீ சொல்லியிருக்கியேன்னு நின்னேன்.

'என்ன தாத்தா, நிக்கறீங்க? பட்டாணிக்கும் ஊத்தட்டுமா?'ன்னாங்க.

'வேணாம்'னேன்.

'ஏன், வயிறு சரியில்லியா?'

என்னால முடியலம்மா. 'யாருக்குமே ஊத்தாதீங்க டீச்சர்'னு சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவங்க கரண்டியைக் கீழ வெச்சுட்டு, ஊத்தின கிண்ணத்தை மேசையிலேர்ந்து எடுத்தாங்க. அப்புறம் அடுப்பை அணைச்சுட்டு, எல்லாருக்கும் ரொட்டியும் முட்டையும் குடுத்தாங்க.

நம்ம குழந்தைக்கு நீ ஒரு நாள்கூடப் பொறுக்கல. மெஷின் மேல சந்தேகம் இருந்தும் உடனே நிறுத்தச் சொன்னே. அது சரிதான். அப்ப கீழ்வீட்டுப் பிள்ளைங்க மட்டும் வெளியூர்லேர்ந்து பதில் வர்ற வரைக்கும் அதையே சாப்பிடணுமா? இதுக்கு உன்கிட்ட பதில் இருந்தா எழுது, நான் கேட்டுக்கறேன். அந்தக் கஞ்சியைக் கண்ணை மூடிட்டுக் குடுக்கலாம்னு அவங்ககிட்ட சொன்னதும் இந்த வாய்தானே?

மாமா


ஜூன் 27

மாமாவுக்கு,

டீச்சர் கம்பெனிக்கு போன் பண்ணியிருக்கிறார். 'உங்க ஆய்வகத்துல வேலை பாக்கற பொண்ணே சொல்லியிருக்கா' என்று சொல்லியிருக்கிறார். எந்தப் பொண்ணு என்று கண்டுபிடிக்க அவர்களுக்குச் சாயங்காலம்வரைகூடத் தேவைப்படவில்லை.

மேனேஜர் அறையில் நிற்க வைத்துக் கேட்டார்கள். அவர்கூட இரண்டு பேர், நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஒருவர் கேட்ட ஒரே கேள்வி, 'உங்கள் வீட்டில் ரகசியம் என்றால் என்ன அர்த்தம்?' ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது டப்பாவில் லேபிள் கோணலாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். என் கண் முன்னால் அதே டப்பா வரிசை வரிசையாகப் போகிறது.

காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேடக்கூடிய ஒரே இடம் அந்த ஆய்வகம். தேடிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்தி. இப்போது யார் தேடுவார்கள்? உங்களிடம் நான் எழுதியது மருமகளாக. ஒரு கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள முடியவில்லையா?

நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

இதற்குப் பதில் போட வேண்டாம். ரத்தப் பரிசோதனை முடிவை உங்கள் பையன் போனில் சொல்லட்டும்.

மருமகள்


ஜூலை 4

மருமகளே,

போட வேணாம்னே. போடறேன். வேணாம்னா தபால்பெட்டியிலயே விட்டுடு.

முடிவு வந்தாச்சு, உன் வீட்டுக்காரன் சொல்லியிருப்பான். ஆனா அவன் சொன்னா 'கொஞ்சம் இருக்காம், பரவாயில்லியாம்'னு மூணே வார்த்தையில முடிச்சிருப்பான். டாக்டர் சொன்னதை அப்படியே எழுதறேன். 'இருக்கக் கூடாதது இருக்கு. ஆனா குறைச்சல்தான். நல்லவேளை, சீக்கிரம் நிறுத்திட்டீங்க. மருந்து எதுவும் வேணாம். பருப்பு, கீரை, முட்டை, பால், எல்லாம் மாத்தி மாத்திக் குடுங்க, வயித்துல சத்து இருந்தா காரீயம் ஒட்டாது. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்'னாங்க. 'அறிவு கிறிவு எதாவது…'ன்னு நான் இழுத்தேன். அதுக்குள்ள பட்டாணி அவங்க ஸ்டெதஸ்கோப்பை இழுத்துத் தன் வாயில வெச்சுக்கிட்டா. 'இதுக்கு மேல அறிவு வேணுமா?'ன்னு சிரிச்சாங்க. எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு.

டீச்சர் உன்னைச் சொல்லிட்டாங்கன்னு கேட்டதும் நேரா கீழ போனேன். 'பதட்டத்துல வந்துடுச்சு தாத்தா'ன்னு அழுதாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. உன் பேச்சை இழுக்காம, 'கேள்விப்பட்டேன்'னு சொல்லி நிறுத்தியிருக்கலாம் நான். அதுக்கு மனசார மன்னிப்புக் கேட்டுக்கறேன். சொன்னதுக்கு மட்டும் கேக்க மாட்டேன்.

டீச்சர் சும்மா இருக்கல. பிரிக்காத டப்பாவை எடுத்துக்கிட்டு சுகாதார அலுவலகத்துக்குப் போய்ட்டாங்க. டாக்ஸிப் பொண்ணுதான் வண்டியில கூட்டிட்டுப் போச்சு. 'எங்க காப்பகத்துக் குழந்தைங்க இதைத்தான் சாப்பிட்டுச்சுங்க, நீங்களே பாருங்க'ன்னு மேசை மேல வெச்சுட்டு, ரசீது குடுக்கற வரைக்கும் நகரலையாம். உன் பேச்சே எடுக்கல.

இங்க எல்லாரும் என்னைக் கொண்டாடறாங்கன்னு நினைக்காதே. ஒரு குழந்தையோட அப்பா மாடிப்படியில என்னை மறிச்சு, 'இத்தனை நாள் குடுக்கச் சொன்னதும் நீங்க, இப்ப விஷம்னு சொல்றதும் நீங்க'ன்னு கத்தினான். அவன் சொன்னது நிஜம்தானே. உன் வீட்டுக்காரனும் என்னோட பேசறதில்ல. முன்னாடியும் அவன் அவ்வளவா பேசினதில்லங்கறதால எனக்கு இது தெரியவே ரெண்டு நாள் ஆச்சு.

வேலை போச்சுன்னா போகட்டும், வீட்டுக்கு வா. போகலைன்னா தலையை நிமித்தி உக்காரு. லேபிளை ஒழுங்காப் பாரு, கோணலா ஒட்டினா அதுவும் தப்புதான்.

மாமா


ஜூலை 13

அன்புள்ள மாமாவுக்கு,

தபால்பெட்டியில் விடவில்லை. நாலு தடவை படித்தேன். பட்டாணி பற்றிய பத்தியை அதற்கு மேலும்.

போன திங்கட்கிழமை சுகாதார அலுவலகத்திலிருந்து வந்தார்கள். இரண்டு பெண்கள், ஒரு ஆண். டீச்சர் கொடுத்த டப்பாவை அவர்கள் தங்கள் இடத்தில் பார்த்துவிட்டார்கள், அதே எண். லேபிள் வரிசையில் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றுதான் மேனேஜரிடம் கேட்டார்கள், 'இங்கே யாராவது இதை முன்பே பார்த்தார்களா?' அவர் தரையைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் விழுந்துவிட்டது, அவ்வளவு வேகமாக எழுந்திருக்கிறேன்.

'நான் பார்த்தேன்' என்றேன்.

அந்தப் பெண்களில் மூத்தவர் என் கையைப் பார்த்தார், லேபிள் பசை ஒட்டியிருந்தது. 'அப்புறம் இங்கே என்ன செய்றீங்க?' என்று கேட்டார். மேனேஜர் பையிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

அவர்கள் பக்கத்தில் நிற்க, வரிசையில் ஒவ்வொரு இடத்திலிருந்தும் மாவு எடுத்தேன். வறுத்த பிறகு, அரைத்த பிறகு, பால் பவுடர் சேர்த்த பிறகு. எல்லாம் சுத்தம். கலக்கும் ட்ரம்முக்கு அப்புறம் எடுத்ததில் எண் எகிறியது. அந்த ட்ரம்மில் கடைசியாக ஒரு வெள்ளைத் தூள் கொட்டுவார்கள். வைட்டமின், இரும்பு, சுண்ணாம்புச் சத்து எல்லாம் சேர்ந்தது. வெளியிலிருந்து மூட்டையாக வருகிறது. விற்பவர்களே சான்றிதழ் வைத்து அனுப்புவதால் அதை யாரும் பரிசோதித்ததே இல்லை. நான்கூட அதை ஒரு பொருளாகவே நினைக்கவில்லை மாமா, கைப்பிடி அளவுதானே என்று விட்டிருந்தேன். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால், அதில்தான் இருந்தது. அவ்வளவும். டப்பாவின் மேல் 'வளரும் மூளைக்கு' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறதே, அது இந்தத் தூளை நம்பித்தான்.

அன்றைக்கே வரிசையை நிறுத்தினார்கள். கடைகளிலிருந்து எல்லா டப்பாவையும் திரும்ப எடுக்கிறார்கள். செய்தியில் வந்திருக்கும்.

வெளி ஆய்வகத்துப் பதில் இன்னும் வரவில்லை. நான் சொன்னபடி நீங்கள் காத்திருந்தால் இன்றைக்கும் அந்தப் பிள்ளைகள் ஸ்பூனால் மேசையைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். நான் கோபத்தில் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளாமல் இருந்தது நல்லது.

மேனேஜர் நேற்று ஆய்வகத்துக்கு வந்தார். 'நீங்க சொன்ன அன்னிக்கே வரிசையை நிறுத்தியிருக்கணும். பயந்துட்டேன்' என்றார். போகும்போது திரும்பி, 'உங்க மாமனாருக்கு வாய் கொஞ்சம் நீளம்' என்றார். 'எங்க வீட்டுக்காரருக்குச் சேர வேண்டியதும் அவர்கிட்டயே இருக்கு சார்' என்றேன். சிரித்துவிட்டார்.

அன்புடன்,
மருமகள்


ஜூலை 21

அன்பு மருமகளே,

செய்தியில வந்துச்சு. சத்தத்தைக் கூட்டி வெச்சுப் பாத்தேன், மாடி வீட்டம்மா கீழ இறங்கி வந்து எங்கூட நின்னு பாத்தாங்க. 'உங்க மருமகளா கண்டுபிடிச்சா?'ன்னாங்க. 'ஆமா, குழந்தையை விட்டுட்டுப் போனவதான்'னேன். பாவம், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சாயங்காலம் பட்டாணிக்குக் கம்பளித் தொப்பி ஒண்ணு பின்னிக் கொண்டாந்து குடுத்தாங்க.

காப்பகத்துப் பிள்ளைங்க எல்லாருக்கும் ரத்தம் பாத்தாங்க. நிறையப் பேருக்கு நம்ம குழந்தை மாதிரிதான். டாக்ஸிப் பொண்ணோட பையனுக்குத்தான் அதிகம். பெரிய ஆஸ்பத்திரியில பேரை எழுதிக்கிட்டு வாராவாரம் வரச் சொல்லியிருக்காங்க. இன்னும் ஒரு மாசம் போயிருந்தா மருந்து ஏத்த வேண்டி வந்திருக்கும்னு டாக்டர் சொன்னாராம். இப்ப வேணாமாம், தானா இறங்க ஆரம்பிக்கும்னாராம். அந்தப் பொண்ணு என்கிட்ட வந்து இதைச் சொல்லும்போது சிரிக்கவும் இல்ல, அழவும் இல்ல. வண்டிச் சாவியைக் கையில வெச்சு உருட்டிக்கிட்டே நின்னுச்சு. 'அண்ணே, வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகணும். பையனைப் பின்னாடி தனியா உக்கார வெச்சா கடிச்சு எடுத்துடுவான். கூட வர்றீங்களா?'ன்னு கேட்டுச்சு. போனேன். வழியெல்லாம் என் கைக்கடிகாரத்தைக் கடிச்சான். அந்தப் பொண்ணு வண்டி ஓட்டறது அருமை. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுடுது, வளைவுல பிரேக்கைத் தொடறதே இல்ல.

உன் வீட்டுக்காரன் பேச ஆரம்பிச்சுட்டான். 'அப்பா, உப்பு எடு'ன்னான்.

பட்டாணி இப்ப பருப்பு சாப்பிடறா. முட்டைக்குக் கை தட்டறா. உருளைக்கிழங்கு விஷயத்துல மட்டும் ரெண்டு பேருக்கும் இன்னும் சமாதானம் ஆகல.

மாமா


ஆகஸ்ட் 18

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு கேள்வி கேட்கத்தான் இந்தக் கடிதம். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்.

இனிமேல் மூடி போட்ட டப்பாவையும் பார்க்காமல் ஒன்றையும் வெளியே அனுப்பக்கூடாது என்று சுகாதார அலுவலகம் உத்தரவு போட்டுவிட்டது. அதற்குத் தனியாக ஒரு பிரிவு தொடங்குகிறார்கள். அதை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வருஷமாவது நான் இங்கேயே இருக்க வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் நான் விட்டுவிட்டுப் போனால், உள்ளே போனதெல்லாம் சரி என்றால் வெளியே வருவதும் சரிதானே என்று மறுபடி யாராவது சொல்லுவார்கள். எனக்கு அந்த இடத்தில் நிற்க வேண்டும் போல இருக்கிறது. பட்டாணி இல்லாமல் இன்னொரு வருஷம் நிற்க முடியாது. இரண்டும் நிஜம்.

தொழிற்சாலைக்குப் பின்தெருவில் ஒரு வீடு பார்த்தேன். இரண்டு அறை, சமையலறையில் வெயில் வருகிறது. தெருவில் ஒரு பூங்கா, பக்கத்திலேயே பஸ் டிப்போ. உங்கள் பையனிடம் பேசிவிட்டேன். இங்கேயும் லிஃப்ட் இருக்கிறது, மாற்றல் கேட்டு எழுதிவிட்டாராம், கிடைக்கக் கொஞ்சம் நாளாகும். அதுவரை வாராவாரம் வந்து போவார்.

நீங்கள் பட்டாணியைக் கூட்டிக்கொண்டு வருவீர்களா மாமா? வந்து எங்களோடு இருப்பீர்களா? நான் கஞ்சி காய்ச்சுவேன், உங்களைவிட மோசமாக. இங்கே உங்களுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. யோசித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மருமகள்


செப்டம்பர் 5

அன்பு மருமகளே,

யோசிச்சுச் சொல்லுங்கன்னே. யோசிச்சேன். பட்டாணியோட துணியை முதல்ல மடிக்கறதா, என்னுதை முதல்ல மடிக்கறதான்னு யோசிச்சேன். 'பஸ் டிப்போ'ன்னு ஒரு வார்த்தை எழுதினியே, அதுக்கு மேல எதுக்கு இத்தனை வரி?

இன்னிக்குக் காலையில ரெண்டாவது ரத்தப் பரிசோதனை முடிவு வந்துச்சு. குறைஞ்சிருக்கு. பாதிக்கும் கீழ. டாக்டர் ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினாங்க. உன் வீட்டுக்காரன் ஆஸ்பத்திரி வாசப்படியில உக்காந்து, பட்டாணியை மடியில வெச்சுக்கிட்டுப் பேச ஆரம்பிச்சான் பாரு, நிறுத்தவே இல்ல. அவ பொறந்த அன்னிக்கு மழை பெஞ்சதுலேர்ந்து என்னென்னவோ சொன்னான். அவளும் வாயைப் பாத்துக்கிட்டே கேட்டா. நான் ஒரு ஓரமா நின்னேன். இவனுக்குள்ள இவ்வளவு பேச்சு இருந்துச்சான்னு ஆச்சரியமா இருந்துச்சு. உன்கிட்டயும் போன்ல அழுதிருப்பான், தெரியாத மாதிரி இருந்துக்கோ.

டாக்ஸிப் பொண்ணோட பையனுக்கும் இறங்கிக்கிட்டே வருது. இனிமே மாசத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்னுட்டாங்களாம். டீச்சர் இப்ப தானே சமைக்கறாங்க. சாப்பாட்டு நேரத்துல ரெண்டு அப்பா அம்மா முறை போட்டு வந்து காய் நறுக்கறாங்க. படியில என்னை மறிச்சுக் கத்தினான்னு எழுதினேனே, அவன்தான் கேரட் நறுக்கறதுல கெட்டிக்காரன். நேத்து எங்களை வழியனுப்பன்னு எல்லாரும் கூடினப்ப எனக்கு ஒரு தட்டு கொண்டாந்து குடுத்தான். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல. தட்டு காலியாச்சு.

சாமான் எல்லாம் கட்டியாச்சு. நாளைக்குக் காலை முதல் வண்டி. வேகமாப் போற பஸ்ஸுல வாங்கன்னு உன் வீட்டுக்காரன் சொன்னான். அதுல ஓட்டுநரைத் தடுப்பு வெச்சு மறைச்சிருப்பாங்க, ஓட்டுநர் முகம் தெரியற பஸ்ஸுலதான் ஏறுவேன்னுட்டேன், முன் சீட்டுல ஜன்னலோரமா இடம் போட்டாச்சு. பட்டாணி முதல் தடவையா ஊர் தாண்டறா. ஒண்ணொண்ணா காட்டிக்கிட்டே வரணும்.

இப்பத்தான் இதைத் தபால்ல போடப் போறேன். போடாமலே கையில கொண்டு வந்துடலாம்தான். ஆனா எழுதி முடிச்ச கடிதத்தைப் போடாம இருக்க மனசு வரல. கணக்குப் பாத்தா இது வந்து சேர்றதுக்கு முன்னாடி நாங்க வந்துடுவோம். தபால்காரர் கதவைத் தட்டினா நீ எழுந்திருக்காதே. பட்டாணி தவழ்ந்து போய் வாங்கிக்கட்டும்.

அன்புடன்,
மாமா